மரமும் உரமும் மண்ணின் கரியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மரம் நடுவது நற்பணி என்பதில் நம்மிடையே இருவேறு கருத்து இல்லை. ஆயினும் எந்த நிலத்தில் நடுவது, நட்டபின் மண்ணை எவ்வாறு பேணுவது என்பவற்றை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, அதிலுள்ள கரியைத் தண்டாகவும் இலையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. உதிர்ந்த சருகும் மடிந்த வேரும் மக்கும்பொழுது அக்கரியின் பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சிய சிறு பகுதியே மண்ணில் தங்குகிறது. மண் பரிசோதனை அறிக்கையில் கரிமச்சத்து என்று காண்பது இதுவே. மண்ணின் ஈரத்தைக் காப்பதும், மண்ணைப் பொலபொலப்பாக்குவதும் இதுவே. இது 0.5 சதவிகிதத்திற்குக் கீழ் இருப்பின் குறைவு எனக் கணிக்கிறார்கள்.

2002-ஆம் ஆண்டில் குவோ, கிஃபோர்டு என்னும் இரு அறிஞர்கள் பல நாடுகளின் 74 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பயிர் நிலம் மரத்தோப்பானபோது மண்ணின் கரி சராசரியாக 18 சதவிகிதம் உயர்ந்திருந்தது. மேய்ச்சல் புல்வெளி தோப்பானபோதோ 10 சதவிகிதம் குறைந்திருந்தது. புல்லின் நுண்வேர்கள் மண்ணுக்குள்ளேயே மடிந்து மக்குகின்றன. மரத்தின் சருகு மேலே விழுகிறது. மேலும், நடுவதற்காக உழும்பொழுது பழைய மக்கு விரைந்து சிதைகிறது.

ஆகவே, நல்ல புல் வளரும் மேய்க்கால் புறம்போக்கை உழுது தோப்பாக்கத் தீர்மானம் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்போமாக. ஆடுமாடுகளின் தீனி போவதோடு, மண்ணின் கரியும் குறையக்கூடும். உழுது உழுது சத்திழந்த மேட்டு நிலமும் வரப்போரமும் மரத்திற்கு ஏற்றவை. அங்கும் நிலம் முழுவதையும் உழாமல் குழியெடுத்து நடுவதே நலம்.

இனி உரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் கோதுமை வயலில் உரச் சோதனை நடந்து வருகிறது. ஆண்டுதோறும் தொழு உரம் பெற்ற மண்ணில், உரமே பெறாத மண்ணைவிட இரு மடங்குக்கு மேல் கரி சேர்ந்துள்ளது. இரசாயன உரம் மட்டும் பெற்ற மண்ணில் சிறிதளவே கூடியுள்ளது. பயிர் செழித்து, வேரும் தாளும் மிகுந்ததே அதற்குக் காரணம். அப்பண்ணையின் பார்லி வயல் ஒன்றில் 1852 முதல் 1871 வரை தொழு உரம் இட்டு நிறுத்தினார்கள். நூறாண்டு கழிந்தும் அதன் பயன் முற்றிலும் மறையவில்லை. நமது கோயம்புத்தூரிலும் 1909-இல் இத்தகைய நிரந்தரச் சோதனை தொடங்கப்பட்டது. அங்கும் தொழு உரம் கண்ட மண்ணே கரிமச்சத்தில் மேம்பட்டு நிற்கிறது. யூரியா பயிருக்கு உணவாகலாம். மண்ணுக்குத் தொழு உரமும் தழை உரமும் இன்றியமையாதவை.

நாமும் இதுவரை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையையே பதிவேட்டில் எழுதி வந்தோம். மண்ணின் கணக்கை எழுதவில்லை. இனி நடுமுன் ஒரு முறையும், ஐந்தாண்டுக்குப் பின் ஒரு முறையும் மண்ணைப் பரிசோதிப்போம். தோப்பில் விழும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே மக்கவிடுவோம். மரத்தை ஏலம்விட்டு வரும் பணம் ஓராண்டில் செலவாகிவிடும். மண்ணில் சேர்த்த மக்கு நம் மக்களுக்கும் பயன் தரும்.