மாதுங்காவில் ஒரு வாடகை வீடு



இன்று வீரமாதா ஜீஜாபாயின் பெயர் தாங்கும் தொழில்நுட்பக் கல்லூரி 1923-இல் பைகுல்லாவினின்று மாதுங்காவுக்கு வந்தது. 1937-இல் ரூயியா கல்லூரி தோன்றியது. அக்காலந்தொட்டே இவ்வட்டாரம் மாணவர் வீடு தேடி அலையும் இடமாயிற்று.

ஊரினின்று வரும் பிள்ளைகள், "மாமா, வாடகைக்கு இடமுண்டா?" என்று நம் சங்கத்தாரையே முதலில் வினவுகின்றனர். "நம்மவர்தாமே, எழுத்தெதற்கு?" என்று நாமும் அன்போடு இசைகிறோம். முன்பணத்தைத் திருப்பும் நாளில் அவ்வன்பு மனக்கசப்பாய் முடியக் கண்டிருக்கிறோம்.

1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு பெறல் வேண்டும், அப்பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதினொரு மாதத்திற்குப் பதிவு வேண்டாம் என்னும் எண்ணம் இங்குச் செல்லாது. பதிவில்லையேல், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, குடியிருப்பவர் கூறும் நிபந்தனைகளே நிற்கும்.

ஆதலின் வீடுடைய அன்பர்களை வேண்டுகிறோம்: வாடகை, முன்பணம், காலம், பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றை எழுதிப் பதிவுசெய்து, ஒரு படியைப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். நம்முள் பலரும் ஒருநாள் தகரப் பெட்டியுடன் தாதரில் வந்து இறங்கியவர்களே.