சுண்டல் ஏன் கசந்தது?

போன மாசம் ஒரு ராத்திரி, லோக்கல் ட்ரெயின்ல வண்டலூர் வந்து இறங்கி ரூமுக்குப் போறேன், செம பசி. காலையில ஊறப்போட்ட கறுப்புக் கொண்டைக்கடலை இருந்தது. தண்ணியில ஒரே நுரை. கொட்டுறதுக்குச் சோம்பல். 'கொட்டினா சத்து போயிடும்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, அதே தண்ணியோட குக்கர்ல வெச்சேன். சுண்டல் லேசா கசந்தது, நாக்கையும் பிடிச்சது. போன்ல சொன்னா, அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஊறின தண்ணியக் கொட்டினியாடா?"

அந்த நுரைக்கு முக்கியக் காரணம் சபோனின். பூந்திக்கொட்டையில நுரை வருதே, அதுவும் சபோனின் வகைதான். கசக்கும். ஊறும்போது கொஞ்சம் தண்ணியில இறங்கிடும். நாக்கைப் பிடிச்சது தோலில் இருக்கும் டானின். அது எச்சிலில் உள்ள புரதத்தோட ஒட்டிக்கிட்டு, வாயோட வழவழப்பை எடுத்துடும். அந்த வறட்சியைத்தான் துவர்ப்புன்னு சொல்றோம். வெள்ளைக் கொண்டைக்கடலையை விட கறுப்பில் டானின் அதிகம்.

செடிக்கு விதைதான் அடுத்த தலைமுறை. பூச்சியும் பூஞ்சையும் அதை அழிக்காம இருக்க இந்தப் பொருட்கள் உதவுது. வெந்தயமும் பயறு குடும்பம்தான், தெரியுமா? அதோட கசப்பிலும் சபோனினுக்குப் பங்கு உண்டு. முளைகட்டினா கசப்பு குறையும்.

ஆனா நாக்கை மட்டும் நம்பிடாதீங்க. ராஜ்மாவில் லெக்டின்னு ஒரு புரதம் இருக்கு. அது கசந்து எச்சரிக்காது. சரியா வேகாத நாலஞ்சு கொட்டையே வாந்தி வரவெச்சிடும். ஸ்லோ குக்கர்ல கொதிக்காம மெதுவா சூடாக்கினா அது அழியாது. அதனால குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 30 நிமிஷம் நல்லா கொதிக்க விடுங்க. ரூம்ல தனியா சமைக்கிறவங்க இதை மறக்காதீங்க.

தண்ணியைக் கொட்டினா கொஞ்சம் சத்தும் போகும், உண்மைதான். கூடவே வாயுவை உண்டாக்கும் சர்க்கரையில ஒரு பங்கும் போயிடும். எனக்கு அந்தக் கணக்கு சரியாத்தான் படுது. அடுத்த வாரம் தண்ணியை மாத்தி வேகவெச்சேன். ரூம்மேட் ரெண்டாவது தட்டு கேட்டான்.