உதவியாளரின் கைப்பயிற்சி

அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளர் என்னும் பணிப்பிரிவு 1967ஆம் ஆண்டில் வடிவம் பெற்று, அதன் முதல் மாணவர்கள் 1969இல் படிப்பை முடித்து வெளிவந்தனர். இரண்டாண்டுப் படிப்பும் அதன் முடிவில் உரிமத் தேர்வும் உடைய இப்பணியில், நோயாளியை மதிப்பிடுவதும் சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பாகும். அத்திட்டத்தை அவருடைய மேற்பார்வையில் நடத்துவதே உதவியாளரின் வேலை. ஏட்டளவில் இது சிறிய பங்காகத் தோன்றினாலும், பக்கவாதம், தண்டுவடக் காயம் முதலிய நரம்புத்தசைக் கோளாறுகளில் நோயாளியின் கைகால்கள் நெடுநேரம் உதவியாளரின் பிடியிலேயே இருப்பதால், அந்தப் பிடியைப் பழக்கும் செய்முறை வகுப்பு தனியே ஆராயத் தக்கது.

அவ்வகுப்பின் பழைய பாடங்களுள் ஒன்று, 1940களில் ஹெர்மன் கபாட் என்னும் மருத்துவர் தொடங்கி, மார்கரெட் நாட், டோரதி வாஸ் ஆகியோர் வளர்த்து 1956இல் நூலாக்கிய முறையாகும். தசைகள் தனித்தனியே இயங்குவதில்லை, மூலைவாட்டில் சுழன்று கூட்டாக இயங்குகின்றன என்பது அதன் அடிப்படை. எதிர்ப்பக்க இடுப்பிலிருந்து வாளை உருவுவது போலக் கையை உயர்த்தச் சொல்லி, அந்த ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் மட்டும் உதவியாளர் தடை கொடுக்கிறார். விரல்நுனி அழுந்தினால் நோயாளிக்கு எத்திசை என்பது குழம்பிவிடும் என்பதால், உள்ளங்கையின் பரப்பே பேச வேண்டும். ஒருவரையொருவர் நோயாளியாகக் கொண்டு பழகும் மாணவர்கள், நல்ல பிடிக்கும் கெட்ட பிடிக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் தோலிலேயே உணர்ந்துவிடுகின்றனர் என்பது இவ்வகுப்பின் பெருஞ்சிறப்பு.

எங்கே கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்குத் தண்டுவடக் காயம் தெளிவான பாடம் தருகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்தில் முழுமையாகக் காயமுற்றவர் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க வல்லவர், விரல்களை அசைக்க இயலாதவர். ஆயினும் மணிக்கட்டு உயரும்போது, நீளம் குறைந்திருக்கும் விரல்தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடங்குவதால், ஒரு குவளையைப் பற்றும் அளவுக்குப் பிடி கிடைக்கிறது. விறைப்பு எதுவாயினும் நீட்டி நெகிழ்த்துவதே நன்மை என்று எண்ணும் புதியவர், மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நாள்தோறும் நீட்டுவாரானால், அந்த நாண்கள் தளர்ந்து, நோயாளிக்கு எஞ்சியிருந்த ஒரே பிடியும் போய்விடும். எனவே விரல்களை நிமிர்த்தும்போது மணிக்கட்டைத் தாழ்த்தியும், மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்களை மடக்கியும் வைக்க வேண்டும் என்னும் விதி மாணவரின் கையில் ஊறும்வரை பழக்கப்படுகிறது. படுக்கையில் புரட்டுதல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் போன்றவையும் உண்டு. அவற்றை எந்த வகுப்பும் ஒழுங்காகவே கற்பிக்கிறது.

வகுப்பின் குறை வேறிடத்தில் உள்ளது. வேகமாக அசைக்க அசைக்க மிகும் தசை இறுக்கத்தை, 1987இல் வெளியான திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோலால் 0 முதல் 4 வரை மதிப்பிடுகின்றனர். முழங்கையை ஒரு நொடிக்குள் நீட்டும்போது இடைவழியில் சட்டெனத் தட்டுப்படும் தடையைக் கை அறிய வேண்டும். நல்ல உடம்புள்ள சக மாணவர் இதை நடித்துக் காட்டும்போது, வேகத்தைப் பொருட்படுத்தாமல் வேண்டுமென்றே எதிர்க்கிறார். போலியைப் பழகிய கை, உண்மையான நோயாளியிடம் முதன்முதலில் திகைக்கிறது. ஆகவே மருத்துவமனைப் பயிற்சி படிப்பின் கடைசியில் ஒட்டப்படாமல் இடையிடையே வருவதே பொருந்தும்.

செய்முறைத் தேர்வும் ஓரளவு இதே குறையுடையது. நாற்காலியின் பிரேக்கைப் பூட்டினாரா, இடுப்புப் பட்டையைக் கட்டினாரா என்று சரிபார்க்கும் தேர்வாளர், எப்போது நிறுத்தினார் என்று கேட்பது அரிது. நரம்புறைகளை உடலின் நோயெதிர்ப்பே தாக்கும் கில்லன்-பாரே நோயிலிருந்து மீள்பவருக்கு மிகைப் பயிற்சி வலுவைக் குறைக்கக்கூடும். அந்தச் சோர்வு பயிற்சியின்போது புலப்படாமல் மறுநாள் வெளிப்படுவதும் உண்டு. ஆதலால் மறுநாள் பயிற்சியைத் தொடங்குமுன் கால்களில் வலி, தளர்ச்சி உண்டா என்று விசாரித்து, உண்டெனில் மேற்செல்லாமல் பிசியோதெரபிஸ்டுக்குத் தெரிவிப்பதும் உதவியாளரின் செய்முறையிலேயே அடங்கும்.