பின்கால் தளர்ந்த காவலன்

வன்னியில் நாய் அழகுக்காக வளர்க்கப்படும் பிராணியன்று. நெடுங்கேணியில் பொழுது சாய்ந்தபின் பயிருக்கும் காட்டுக்கும் நடுவே வேலி என ஒன்று உண்டாயின், அது பல வளவுகளில் நாயின் குரைப்பேயாகும். பன்றி வந்தால் ஒரு குரல், யானை வந்தால் வேறொரு குரல். பாயிற் படுத்திருக்கும் கமக்காரன் அக்குரலைக் கேட்டே வந்தது இன்னதென்று அறிந்துகொள்வான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு காவல் புரிந்த நாய் ஒருநாட் காலையில் முன்கால்களை ஊன்றி எழ முயல்கின்றது. பின்புறம் தூக்க இயலாமல் அப்படியே அமர்ந்துவிடுகின்றது. "வயது போய்விட்டது, இனி என்ன செய்வது" என்கின்றனர் வீட்டார். சோறு வைப்பது குறைகின்றது. சிலர் சந்தைப் பக்கமோ கோயிலடியிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுகின்றனர். வைரவருக்கு வடைமாலை சாத்தும் நாட்டில் வைரவரின் வாகனத்துக்கு இக்கதி நேர்வது விந்தையே.

வயது ஒரு நோயன்று. பின்கால் தளர்வதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில தாமே மாறுவன, சில மருந்துக்கு அடங்குவன, சில மாறாதன. எது எதுவென்று அறியுமுன் முடிவுகட்டுவதே பெரும் பிழை.

முதலிற் கருதவேண்டியது விசர்நோய். சில நாய்களில் அது வெறியாக வெளிப்படாமல் வாதமாகவே வெளிப்படும். கால் தளர்வுடன் தாடை தொங்குதல், வாய்நீர் வடிதல், விழுங்க இயலாமை, குரல் மாறுதல் ஆகியன ஓரிரு நாட்களுள் கூடிவருமாயின், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் எவரும் கைவிடலாகாது. நாயைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். கடியோ வாய்நீரோ பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

அடுத்தது, பலரையும் ஏமாற்றும் ஒரு நோய். நேற்றுவரை நன்றாயிருந்த கிழ நாயின் தலை ஒரு புறம் சாய்கின்றது, கண்மணிகள் இங்குமங்கும் துடிக்கின்றன, எழுந்தால் வட்டமிட்டு விழுகின்றது, உண்டதை வாந்தியெடுக்கின்றது. பாரிசவாதம் வந்துவிட்டதென்று வீட்டார் அழுவர். பெரும்பாலும் அது பாரிசவாதமன்று. உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்புத் தடுமாறுவதன் விளைவு அது. முதிய நாய்களில் வெளிப்படையான காரணமின்றியே வரும். மூன்று நான்கு நாட்களில் தெளியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் நாய் நடமாடிவிடும். சிலவற்றில் தலைச்சாய்வு மட்டும் நிலைத்துவிடும். அந்த முதல் மூன்று நாட்களில் கைகொண்டு நீர் பருக்கி, சோற்றை வாயருகே பிடித்து ஊட்டுவார் இருந்தால் நாய் பிழைக்கும். சந்தையடியில் விடப்பட்டால் பிழைக்காது.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையேயுள்ள வட்டத்தட்டுப் பிதுங்கி முண்ணாணை நெரித்தால், நாய் முதுகை வளைத்துக்கொண்டு நோவால் முனகும். இதற்கு மருந்தும் உண்டு, அடைத்துவைத்து அசைவின்றி ஓய்வு கொடுத்தலும் உண்டு. உண்ணிகளாற் பரவும் காய்ச்சல்களும் நாயை எழும்ப முடியாதபடி சோர்வித்துவிடும். இரத்தப் பரிசோதனையில் அவை வெளிப்படும்.

மாறாத நோயும் ஒன்று உண்டு. எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய்களில், நோவின்றி, மெல்ல மெல்ல முண்ணாண் சிதைந்துகொண்டே போகும். நம்மவர் அல்சேசன் என வழங்கும் இனத்தில் இது 1973 இல் விவரிக்கப்பட்டது. இதனோடு தொடர்புடைய பரம்பரையலகு மாற்றத்தை 2009 இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். மனிதரின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்புநோய் ஒன்றிற் சிலருக்குக் காணப்படும் கோளாறும் அதே பரம்பரையலகிலேயே உள்ளது. இந்நோய்க்கு மருந்தில்லை. ஆயினும் 2006 இல் வெளியான ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. இந்நோய் எனக் கருதப்பட்ட 22 நாய்களுள், நாள்தோறும் செறிவான உடற்பயிற்சி பெற்றவை சராசரி 255 நாள் வாழ்ந்தன. ஓரளவு பெற்றவை 130 நாள். பெறாதவை 55 நாள்.

நரம்பிற் குறையுண்டா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாயைத் தாங்கி நிறுத்தி, பின்பாதத்தை மெல்ல மடக்கி, மேற்புறம் நிலத்திற் படும்படி வைத்தல் வேண்டும். நலமுள்ள நாய் நொடிப்பொழுதிற் பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பாது அப்படியே நின்றால், கால் எங்கிருக்கின்றது என்ற செய்தி மூளையை எட்டவில்லை. நகங்களின் முன்பகுதி தேய்ந்திருத்தலும் அதே அடையாளமாகும். இவற்றைக் கண்டால் கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தமக்கு வாங்கிய நோமாத்திரையை நாய்க்கும் கொடுக்கும் வழக்கம் தீது. ஐபுபுரோபன், டைக்குளோபினாக்கு போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இனி வீட்டுப் பணிவிடை. மீள்குடியேற்றத்தின்பின் எழுந்த கல்வீடுகளில் நிலம் வழுவழுப்பான சீமெந்து, சிலவற்றில் மாபிள். சாணமிட்டு மெழுகிய பழைய மண்திண்ணையில் ஊன்றி நின்ற கால், இதில் வழுக்குகின்றது. இரண்டொரு முறை விழுந்த நாய் அஞ்சி எழுவதையே விட்டுவிடும். நடக்கும் வழியிற் சணற்சாக்கை விரித்துவிட்டால் இதிற் பாதி தீரும். பழைய சாரம் ஒன்றை நீளவாக்கில் மடித்து, பின்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் கீழ்க் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துத் தூக்கினால், நாய் முன்கால்களால் நடக்கப் பின்கால்களும் தொடரும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். பீ.வீ.சீ. குழாயும் இரண்டு சக்கரமும் கொண்டு தள்ளுவண்டி செய்வாரும் உளர். மணல் முற்றத்திற் சிறு சக்கரம் புதையும். குழந்தைச் சைக்கிளின் சக்கரமே ஏற்றது. நீரில் நடத்துதல் மிக நன்று என்பர். கேணியைப் பெயரிலேயே கொண்ட ஊராயினும், குளத்தில் இறக்குதல் ஆகாது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

எழும்பாத நாய்க்குப் பகை நோயன்று, கிடந்த கிடையே. உரப்பையில் வைக்கோலைத் திணித்துப் பழஞ்சீலை சுற்றிப் படுக்கை செய்து, நான்கு மணிக்கொரு முறை பக்கம் மாற்றுதல் வேண்டும். சிறுநீரில் நனைந்த தோலை உடனே கழுவித் துடைத்தல் வேண்டும்; தவறினால் புண் உண்டாகும், புண்ணில் ஈ மொய்க்கும், இரண்டாம் நாள் புழு. சலப்பையை அமுக்கிச் சிறுநீர் கழிப்பிக்கும் முறையை வைத்தியரிடம் நேரிற் பழகிக்கொள்ளுதல் நன்று. இவையெல்லாம் வன்னிக்குப் புதியனவல்ல. 2009 இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களைப் பக்கம் மாற்றியும் புண் துடைத்தும் பேணிய தாய்மாரும் மனைவிமாரும் இப்பக்கத்திற் பலர். மனிதத் துயரையும் நாயின் நோயையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆயினும் அக்கைகளுக்கு இவ்வேலை தெரியும்.

உணவை மறுத்து, நோவு அடங்காது, மூச்சுக்கும் திணறும் நிலை வரின், வைத்தியரின் ஊசியால் அமைதியாக விடுவித்தல் வேறு வழியின்றிச் செய்வது. தெருவில் விடுதல் அதற்கு ஈடாகாது.

அந்நிலை வரும்வரை நாய்க்குத் தொழில் உண்டு. முண்ணாண் சிதையும் நோய் செவியையும் மூக்கையும் தொடுவதில்லை. சாமத்தில் வேலியோரம் பன்றி உறுமினால் முதலில் தலை நிமிர்வது தாழ்வாரத்தில் உரப்பைமேற் கிடக்கும் கிழ நாய்தான். அது கிடந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கும். உறக்கம் கலைந்த இளைய நாய் அதன்பின்னரே எழுந்து ஓடும்.