கதாசிரியர் ஜெயகாந்தனும் படக்கலையும்
(மரக்காணத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உப்பு வாரும் காலத்தில் பாத்தியை விட்டு வந்திருக்கும் உங்களை நெடுநேரம் உட்கார்த்தி வைப்பது நியாயமன்று. ஆதலின் விஷயத்திற்கே வருகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளிற் சிலர், "கதை எழுதிச் சினிமாவில் சேர்வோம்" என்று புறப்படுகின்றனர். பெற்றோர் கலங்குகின்றனர். இரு திறத்தாரும் அறியத் தக்கது காலஞ்சென்ற ஜெயகாந்தன் அவர்களின் சரித்திரம். அவர் நம் குலத்தவரா என்று வினவுவோர்க்கு, நம் கரைக்காரர் என்பதே விடை.

1934இல் கடலூரிற் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. விழுப்புரத்தில் மாமன் வீட்டில் சில காலம் இருந்து, பின் சென்னை சேர்ந்து, கம்யூனிஸ்டுக் கட்சியின் அச்சாபீஸில் தொழில் கற்றார். அங்கே எழுத்துக் கோத்த கைதான் பின்னர்க் கதை எழுதிற்று.

அவருக்கு முன்னரும் எழுத்தாளர் பலர் படத்துறைக்குச் சென்றதுண்டு. புதுமைப்பித்தன் படவேலையாகப் புனா சென்று, நோயுற்றுத் திரும்பி, 1948இல் மாண்டார். அதனை நினைத்தால் பெற்றோர் அஞ்சுவதும் பிழையன்று.

ஜெயகாந்தனோ வசனம் எழுதிக் கொடுத்துக் கூலி பெற்றுத் திரும்ப எண்ணினாரல்லர். 'உன்னைப்போல் ஒருவன்' என்னும் தம் நாவலைத் தாமே படமாக இயக்கி 1965இல் வெளியிட்டார். சேரிச் சிறுவன் சிட்டி, தன் தாய் தங்கம் ஒரு கிளி ஜோசியனோடு வாழத் தலைப்பட்டதைப் பொறாது வெதும்புகிறான். முடிவில் தாய் இறக்க, அவள் பெற்ற சிசுவைத் தன்னதாக ஏற்கிறான். தேசிய விருதுகளில் மூன்றாம் சிறந்த படத்திற்குரிய நற்சான்றிதழ் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. ஆயினும் மறு ஆண்டே, நாகேஷ் நடிக்க, 'யாருக்காக அழுதான்' படத்தை இயக்கினார். பிடிவாதம் என்பீர்கள், ஆம், பிடிவாதமே!

'அக்னிப் பிரவேசம்' என்னும் அவர் சிறுகதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தாய் தலையில் நீர் வார்த்து ஏற்றுக்கொள்கிறாள். வெகுண்டோர் பலர். அவரோ, "அத்தாய் வாயடக்காமற் கூக்குரலிட்டிருந்தால்?" என்று தம் கதையையே மறித்துக் கேட்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலை ஆக்கினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி பரிசு. 1977இல் அது படமாகிய பொழுது இயக்கம் பீம்சிங். திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தன். கங்கையாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். காமிராவைப் பிறர் கையில் விட்டார், சொல்லை விடவில்லை. இதுவே அவர்க்கு உகந்த நிலை என்பது நம் கருத்து. முந்திய படமே மேல் என்போரும் உளர்.

நம் பிள்ளைகள் அவருடைய மீசையையும் கர்ச்சனையையும் அறிவர், அச்சாபீஸை அறியார்! அதனையன்றோ முதலிற் சொல்ல வேண்டும்?

ஞானபீட விருதும் பெற்று, 2015இல் மறைந்தார். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சிறுகதையை வீட்டில் யாரையேனும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அத்தாய் செய்தது சரியா என்பதை அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து பேச வேண்டும். ஆண்கள் அன்று கேட்டிருப்போம்.