கேளாமல் எடுப்பதும் கேட்டாற் கொடுப்பதும்
(இளைப்பாறியோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இளைப்பாறியோருக்கு உள்ள வரிச்சலுகைகளையும் பண உதவிகளையும் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். சலுகை என்ற சொல் எமக்கு உவப்பானதன்று. சட்டம் ஒருவருக்கு ஒன்றை வழங்கியிருக்குமாயின் அது அவரது உரிமை. எவரும் இரங்கி இடும் பிச்சையன்று. ஆயினும் சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை வேறு, கைக்கு வந்து சேரும் காசு வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு படிவம் கிடக்கின்றது. அந்தப் படிவத்தைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம்.

அரசாங்க சேவையில் இருந்து இளைப்பாறிய ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் வருகின்றது. அரசாங்கம் செலுத்தும் அந்த ஓய்வூதியத்திற்கு வருமான வரி இல்லை. கடையிலும் ஆலையிலும் தனியார் கந்தோரிலும் முப்பது வருடம் உழைத்தவருக்கோ மாதச் சம்பளம் என்று ஒன்றும் வருவதில்லை. ஊழியர் சேமலாப நிதியாக ஒரு தொகை ஒரே முறையில் வரும். அதை வங்கியிலே நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியைக் கொண்டே அவர் உண்கின்றார், மருந்து வாங்குகின்றார். அந்த வட்டிதான் அவரது ஓய்வூதியம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது முதலீட்டு வருமானம்!

இந்த வட்டியிலே வங்கியே முன்கூட்டி வரியைக் கழித்துக்கொள்ளும் முறை 2023 சனவரியில் 5 வீதமாகத் தொடங்கிற்று. 2025 ஏப்பிரலில் அது 10 வீதமாயிற்று. கணக்கைப் பாருங்கள். ஒருவரிடம் 30 இலட்சம் ரூபா வைப்பு உண்டு, வட்டி 8 வீதம் என்று கொள்வோம். வருட வட்டி 2,40,000 ரூபா. வங்கி கழிப்பது 24,000 ரூபா. மாதம் 2,000 ரூபா. அவருக்கு வேறு வருமானம் இல்லை. 2025 ஏப்பிரல் முதல் வருடம் 18 இலட்சம் வரையிலான வருமானத்திற்கு வரியே கிடையாது என்பது அதே சட்டம். எனவே செலுத்தக் கடமையில்லாத வரியை அவர் செலுத்திக்கொண்டிருக்கின்றார்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. தமது மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தை மேவாது என்று ஒரு பிரகடனத்தை எழுதி வங்கியிடம் கொடுத்தால், வங்கி வரியைக் கழிக்காது. இரண்டு வங்கிகளில் வைப்பிருந்தால் இரண்டிலும் கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு வரியாண்டுக்கும் புதிதாகக் கொடுத்தல் வேண்டும். ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதாயின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திற்கு விபரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளப் பெறவும் இடமுண்டு. ஆனால் அது நீண்ட வழி. எழுபது வயதுக் கிழவியை அவ்வழியில் நடக்கச் சொல்லுகிறவர்கள் தாமே ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

இந்த நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் 60 வயதைக் கடந்த பிரசைகளின் வட்டி வருமானத்தில் வருடம் 15 இலட்சம் ரூபாவுக்குத் தனியான நிவாரணம் தந்தது. 2020 சனவரியில், எல்லோருக்கும் 30 இலட்சம் வரை வரியில்லை, முதியோருக்குத் தனி நிவாரணம் எதற்கு என்று அதை எடுத்துவிட்டார்கள். நியாயம் போலவே தோன்றிற்று. 2023 இல் அந்த 30 இலட்சம் 12 இலட்சமாகச் சுருங்கிற்று. அப்பொழுது முதியோரின் தனி நிவாரணம் திரும்பி வந்ததா? வரவில்லை. பொதுக் குடை பெரிதென்று சொல்லிக் கிழவரின் குடையை வாங்கிக்கொண்டார்கள். பின்னர் பொதுக் குடையையும் சுருக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்வோம். 2023 யூலை முதலாந் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு இசைந்தது. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதியங்கள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளை 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றல் வேண்டும்; மறுத்தால் 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி. வங்கிகளிடமிருந்த முறிகளைத் தொடவில்லை. உறுப்பினருக்கு 9 வீத வட்டி குறையாது என்று உறுதி கூறினார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்லுகின்றோம். நாம் கேட்பது இதுதான்: அன்று எந்தத் தொழிலாளியிடமாவது படிவம் நிரப்பித் தருமாறு கேட்டார்களா? எடுக்கும்பொழுது படிவம் இல்லை. கொடுக்கும்பொழுது மட்டும் படிவம், சான்றிதழ், கையொப்பம், மறுபடி வாருங்கள் என்ற சொல்!

மலைநாட்டுத் தோட்டங்களில் இந்தத் துன்பம் இன்னும் கொடியது. 1958 ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் தம் பணத்தைப் பெறலாம். ஆனால் செக்றோலில் எழுதப்பட்ட பெயர் ஒன்று, அடையாள அட்டையில் உள்ள பெயர் வேறொன்று. இராமாயி என்று பிறந்தவள் எழுதினவரின் பேனாவில் ராமாய் ஆகிவிடுகின்றாள். இருவரும் ஒருவரே என்று நிறுவச் சத்தியக்கடதாசியோடு கந்தோருக்குக் கந்தோர் அலைகின்றாள். சேவையில் இருக்கும்பொழுதே பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னுரித்தாளரின் பெயரையும் பதியச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 3,000 ரூபாவில் இருந்து 5,000 ஆக உயர்த்திற்று. இதற்குப் பிரதேச செயலகத்தை அணுகுக. 60 வயதுக்கு மேற்பட்டோரின் 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்கு மேலதிகமாக 3 வீத வட்டி தரும் திட்டம் 2025 யூலையில் தொடங்கிற்று. 2015 இல் வந்த 15 வீதத் திட்டம் நிறுத்தப்பட்ட பின் கிடைத்த சிறு ஆறுதல் அது. இதையும் வங்கியிற் கேட்டே பெறல் வேண்டும்.

அரசாங்கத் திணைக்களம் எதனோடும் தமிழிலே எழுதித் தமிழிலே மறுமொழி பெற அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரித்தளிக்கின்றது. விளங்காத மொழியில் வந்த கடிதத்தில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் தருமாறு எழுதுங்கள். எழுத நாம் உதவுவோம்.

எமது கோரிக்கை பெரிதன்று. வைப்பாளரின் பிறந்த திகதி வங்கியிடம் இருக்கின்றது. 60 வயதானவரிடம் வரியைக் கழிப்பதற்கு முன், பிரகடனம் தருகின்றீர்களா என்று வங்கியே கேட்குமாறு சட்டம் செய்யப்படல் வேண்டும். அதற்கான விண்ணப்பம் மேசையில் இருக்கின்றது; வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரியாண்டு ஏப்பிரல் முதலாந் திகதி பிறக்கின்றது. அதற்கு முந்திய வாரம் எமது இளைஞர்கள் இதே மண்டபத்தில் படிவங்களோடு இருப்பார்கள். அடையாள அட்டையையும் எல்லா வங்கிகளின் வைப்புச் சான்றிதழ்களையும் கொண்டு வாருங்கள். நடக்க இயலாத அயலவர் இருந்தால் அவரது வீட்டு முகவரியைக் கொண்டு வாருங்கள். இளைஞர்கள் அங்கு செல்வார்கள்.