வளைந்த முதுகோடு ஒரு பிரசவம்



1847 ஜனவரி 19 அன்று, எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர், பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். பிரசவ அறைக்குள் மயக்க மருந்து நுழைந்த நாள் அது. அந்தப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு கோணியிருந்தது. எலும்பு கோணிய தாய்மார்களின் பிரசவம் மயக்க மருந்து டாக்டர்களுக்கு இன்றும் சவால்தான். அவர்களில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர்களையும் கூன் விழுந்தவர்களையும் பற்றி இன்று பேசுகிறேன். வளைவு லேசாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதிகமாக வளைந்தவர்களைப் பற்றித்தான் என் கவலை.

சிசேரியன் என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, வயிற்றிலிருந்து கால்வரை மரத்துப்போகச் செய்கிறோம். தாய் விழித்திருப்பார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். முதுகு நேராக இருந்தால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி விரலுக்கு அகப்படும். வளைந்த முதுகிலோ எலும்புகள் திருகியும் இருக்கும். தொட்டுப் பார்த்துக் குறித்த இடத்தில் ஊசியைச் செலுத்தினால் எலும்பில் முட்டும். மருந்து சீராகப் பரவாமல் ஒரு பக்கம் மரத்து, மறுபக்கம் வலிக்கலாம். சிறுவயதில் கம்பி வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டவர்களுக்கு உள்தழும்பும் குறுக்கே நிற்கும். இப்போது முதுகில் அல்ட்ராசவுண்ட் வைத்து வழி தேட முடிவது பெரிய உதவி.

முழு மயக்கமே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து அதிகம் இருப்பதே அதில்தான். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்தாக வேண்டும். கர்ப்பிணிக்குத் தொண்டையின் உட்புறம் வீங்கி வழி குறுகியிருக்கும். இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் இதைப் பற்றி 1946-இலேயே விரிவாக எழுதினார். கர்ப்பிணியின் உடல் ஆக்சிஜனைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவழிக்கிறது. மூச்சை விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்றோ ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடுகிறது. வளைந்த முதுகு நெஞ்சுக்கூட்டையும் நெருக்கினால், மயக்க மருந்தால் மூச்சு நின்றபின் டியூப் வைக்கக் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். கழுத்தும் விறைத்திருந்தால் தலையைப் பின்னால் சாய்க்க முடியாது, குரல்வளை கண்ணுக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்து சென்று பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருந்து டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி, டியூப் வைப்பது கடினமாகுமா என்று வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைக் கணிக்கும் சோதனையை 1985-இல் வகுத்துத் தந்தார். பிரசவ வலியின்போது தொண்டை மேலும் வீங்கலாம் என்பதால், முன்பே பார்த்திருந்தாலும் அப்போது மறுபடி பார்க்கிறோம். டியூப் வைப்பது கடினம் என்று தெரிந்தால், தாய் விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து, கேமரா பொருத்திய வளையும் குழாயின் உதவியோடு டியூபை உள்ளே விடுகிறோம். கர்ப்பிணிகளுக்கு மூக்கில் எளிதில் ரத்தம் கசியும், அதனால் பெரும்பாலும் வாய்வழிதான். கேட்கப் பயமாக இருக்கலாம். ஆனால் டியூப் சேரும்வரை தாய் தன் மூச்சைத் தானே விடுகிறார். இத்தகையவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

இதற்கு நேரம் வேண்டும், பழகிய கைகள் வேண்டும். நடுராத்திரி அவசரத்தில் இரண்டும் கிடைப்பது அரிது. நம் வீடுகளில் வளைந்த முதுகைத் துப்பட்டாவால் மறைத்தே பெண்களை வளர்க்கிறோம். அந்தக் கூச்சம் மருத்துவமனை வரை கூட வருகிறது. தாயே, தயவுசெய்து மறைக்காதீர்கள். கர்ப்பம் உறுதியானதுமே முதுகைப் பற்றிச் சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டரையும் சீக்கிரமே பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். இதயத்தையும் நுரையீரலையும் முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள். முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள் பழைய எக்ஸ்ரேயையும், எந்த எலும்பு முதல் எந்த எலும்பு வரை கம்பி இருக்கிறது என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுத்து வாருங்கள்.